பெட்டிக்குள் இன்னொரு பெட்டி

மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அழிக்காமல், அதற்குள்ளேயே ஒரு சன்னலில் பழைய விண்டோஸ் எக்ஸ்பியையோ லினக்ஸையோ ஓட்டலாம். உள்ளே ஓடும் இயங்குதளத்துக்குத் தான் ஒரு தனிக் கணினியில் இருப்பதாகவே நினைப்பு. அது ஹார்ட் டிஸ்க் என்று நம்புவது உண்மையில் நம் கணினியிலுள்ள ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். இதைத் தமிழில் மெய்நிகர் இயந்திரம் என்கிறார்கள். பிரெஞ்சில் ‘மஷின் விர்த்துவெல்’. பேரப்பிள்ளைகள் இது நேற்று வந்த வித்தை என்று நினைக்கிறார்கள். இதற்கு வயது ஏறக்குறைய அறுபது. நமக்குத் தம்பி முறை.

கதை அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்குகிறது. அப்போதெல்லாம் ஒரு கணினி ஓர் அறையை அடைத்துக்கொள்ளும். துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் மறுபடி வரிசைதான். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளும் முறையை எம்.ஐ.டி.யில் 1961இல் செய்து காட்டினார்கள். அந்த வேலையில் பங்கு கொண்ட ராபர்ட் கிரீஸி பிறகு ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்துக்குப் போனார். நேரத்தைப் பங்கிடுவதோடு நிற்காமல், ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினியே இருப்பதுபோல் காட்டிவிடலாம் என்பது அவர் குழுவின் யோசனை. சிபி-40 என்ற அந்த அமைப்பு 1967 ஜனவரியில் புழக்கத்துக்கு வந்தது. 14 மெய்நிகர் இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது.

எப்படி நடக்கிறது? ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமையலை அவரவர் அடுப்பில் அவரவர் செய்துகொள்வார்கள். தண்ணீர் மோட்டாரைப் போடவேண்டுமென்றால் மட்டும் வீட்டுக்காரரிடம் போகவேண்டும். அதேபோல் சாதாரணக் கணக்குகளை உள்ளிருக்கும் இயங்குதளம் நேரடியாகவே செய்துகொள்ளும். டிஸ்க்கையோ பிரிண்டரையோ தொடும்போது மட்டும் மேற்பார்வை நிரல் இடைமறித்துத் தானே அதை முடித்துக் கொடுக்கும்.

இந்த ஏற்பாடு நிலைத்ததற்குப் பெரிய காரணம் பழையதை விட முடியாமைதான். புது இயங்குதளம் வந்தால் அதை ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் சோதிக்கலாம். பழைய கணக்குகள் பக்கத்திலேயே தடையின்றி ஓடும். 1972 ஆகஸ்டில் ஐ.பி.எம். இதை விஎம்/370 என்ற பெயரில் முறைப்படி வெளியிட்டது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகம் ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்தது. ஆனால் பிறப்பு, திருமணப் பதிவேடுகளும் நொத்தேர் பத்திரங்களும் பிரெஞ்சில் இருந்தன. அவற்றைத் தூக்கிப் போட முடியுமா? பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் பழையதைப் படித்துப் புதியதில் எழுதிக் கொடுத்தோம். ஒரே மேசையில் இரண்டு இயங்குதளம்.

மேசைக் கணினிக்கு இந்த வசதி வரத் தாமதமாயிற்று. மெய்நிகர் இயந்திரத்துக்கு ஒரு பிராசஸர் எப்படி இருக்கவேண்டும் என்று போபெக், கோல்ட்பர்க் என்ற இருவர் 1974இலேயே நிபந்தனை வகுத்திருந்தார்கள். இன்டெல் சில்லு அதில் தேறவில்லை. அதன் சில கட்டளைகளை உள்ளே இருக்கும் இயங்குதளம் இட்டால், வீட்டுக்காரருக்குத் தகவலே போகாது. விடை மட்டும் தப்பாக வரும். ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் மெண்டல் ரோசன்பிளம், டயான் கிரீன் முதலியோர் 1998இல் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்த முரட்டுக் கட்டளைகளை ஓடுவதற்கு முன்பே வேறாக மொழிபெயர்த்துவிடுவது அவர்கள் கண்ட வழி. 1999இல் அவர்களுடைய மென்பொருள் விற்பனைக்கு வந்தது. 2003இல் ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் கியூஎமு என்ற நிரலை இலவசமாக வெளியிட்டார். வேறு வகைப் பிராசஸரையே அது நடித்துக் காட்டும். பெல்லார் பிறந்தது கிரெனோபிளில், 1972இல். கேம்பிரிட்ஜ்காரர்களின் அமைப்பை அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அதற்கு முன்பே ஓட்டியிருக்கிறார்கள். 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏஎம்டியும் குறையைச் சில்லிலேயே சரிசெய்தன. 2007இல் ஒரு ஜெர்மன் நிறுவனம் விர்ச்சுவல்பாக்ஸை வெளியிட்டது. இன்று ஆரக்கிள் வசமுள்ள அதை நாம் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

நமக்கு இதனால் என்ன? 1995 முதல் 2005 வரை நாம் தமிழில் தட்டச்சு செய்ததையெல்லாம் நினைத்துப் பாருங்கள். சங்க மலர், கோயில் மலர், குடும்ப வரலாறு. பெரும்பாலும் பேஜ்மேக்கரில், யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் செய்தவை. எழுத்துக் கோப்பு மட்டும் என்றால் எழுத்துரு மாற்றி போதும். பக்க அமைப்போடு வேண்டுமென்றால் பழைய மென்பொருள் வேண்டும். அதற்குப் பழைய விண்டோஸ் வேண்டும். நூறு வருடத்து நொத்தேர் பத்திரத்தை இன்றும் படிக்கலாம். இருபது வருடத்துச் சங்க மலர் திறக்க மறுக்கிறது. எங்கள் வட்டத்து மலர் ஒன்றை இப்படித்தான் எக்ஸ்பிக்குள் திறந்து, பக்கம் பக்கமாகப் பிடிஎஃப் ஆக்கினோம். அதில் எழுதியவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. அவர்கள் கட்டுரைகளுக்கு வேறு பிரதி கிடையாது.

செய்ய விரும்புவோருக்கு மூன்று குறிப்புகள். மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம் இருந்தால் தாராளம். எக்ஸ்பிக்கு அதில் 1 ஜிபி கொடுத்தாலே போதும். எக்ஸ்பி வட்டும் அதன் உரிம எண்ணும் உங்களுடையதாக இருக்கவேண்டும். 2014 ஏப்ரல் 8க்குப் பிறகு எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றுவிட்டதால், உள்ளே இணையத்தைத் துண்டித்துவிடுங்கள்.

இவையெல்லாம் நிதானமாகச் செய்யலாம். ஆனால் பரணில் இருக்கும் சிடிக்களும் பிளாப்பிகளும் காத்திருக்கா. அவற்றிலுள்ள கோப்புகளை இந்த வாரமே ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். திறப்பதற்கு வழி இருக்கிறது. கெட்டுப்போன வட்டுக்குத்தான் வழியில்லை.