வானுரிமையும் வணிகமும்: பன்னாட்டு விமான சேவைகள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

மனிதன் வானிற் பறக்கக் கற்ற வரலாறு விஞ்ஞானத்தின் வரலாறாகும். பயணிகளை ஏற்றி நாடு விட்டு நாடு செல்லும் விமான சேவைகளின் வரலாறோ பெரிதும் அரசியலின் வரலாறாகும். ஆழ்கடல் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் பொதுவானது. நிலத்தின் மேலுள்ள வானம் அவ்வாறன்று. ஒரு நாட்டின் வானூடே பறப்பதற்கும், அங்கு இறங்குவதற்கும், பயணிகளை ஏற்றுவதற்கும் அந்நாட்டின் அனுமதி வேண்டும். உலகின் பெரும் விமான சேவைகளை ஒப்பிடுவோர் விமானங்களின் தொகை, ஆசனங்களின் வசதி, உபசரிப்பின் தரம் என்பவற்றையே அளவுகோலாகக் கொள்வது வழக்கம். ஒரு சேவை ஏன் எழுந்தது, இன்னொன்று ஏன் வீழ்ந்தது என்னும் வினாவுக்கு இவ்வளவுகோல்கள் விடை தரமாட்டா. உள்நாட்டுப் பயணிகள் இன்மையாலேயே பான் அமெரிக்கன் அழிந்தது என்பர். எனினும், அதே குறையுடன் பிறந்த சிங்கப்பூர் எயர்லைன்ஸும் எமிரேற்ஸும் உலகின் முன்வரிசைக்கு வந்துள்ளன. இம்முரண்பாடு ஆராயற்பாலது.

முதலிற் பேரரசுகளின் காலத்தை நோக்குவோம். 1919ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஒல்லாந்தரின் கே.எல்.எம். இன்றுவரை தன் முதற் பெயருடனேயே இயங்கிவரும் மிகப் பழைய விமான சேவையாகும். பிரித்தானியாவின் இம்பீரியல் எயர்வேய்ஸ் 1924இல் தோன்றியது. 1929இல் இலண்டனிலிருந்து கராச்சிக்கு வழியமைத்த அச்சேவை, 1930களின் நடுப்பகுதிக்குள் குவாண்டாஸின் துணையுடன் அவுஸ்திரேலியாவை எட்டியது. 1930இல் கே.எல்.எம். அம்ஸ்ரடாமையும் பத்தேவியாவையும் இணைக்கும் ஒழுங்கான சேவையை ஆரம்பித்தது. இவ்விரு வழிகளும் குடியேற்ற நாடுகளைத் தாய்நாட்டுடன் பிணைத்தவை. விமானங்கள் அதிகாரிகளையும் தபாற் பொதிகளையும் சுமந்தன. தபாலுக்கென அரசு அளித்த பணமே அவற்றை வாழ்வித்தது.

குடியேற்ற நாடுகள் மிகுதியாக இல்லாத ஐக்கிய அமெரிக்காவும் வேறொரு வகையில் இதனையே செய்தது. 1927இல் கீ வெஸ்ற் நகருக்கும் ஹவானாவுக்கும் இடையே தபாற் சேவையைத் தொடங்கிய பான் அமெரிக்கன், ஹுவான் ட்றிப் என்பாரின் தலைமையில் இலத்தீன் அமெரிக்கா எங்கும் பரவியது. 1935 நவம்பரில் அதன் 'சைனா கிளிப்பர்' என்னும் கடல்விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மணிலாவுக்குத் தபாலுடன் பறந்தது. இச்சேவையும் அரசின் வெளிநாட்டுத் தபால் ஒப்பந்தங்களையே தூணாகக் கொண்டிருந்தது. எனினும் தாய்நாட்டின் உட்பகுதியில் நகருக்கு நகர் பயணிகளை ஏற்றும் உரிமை அதற்கு வழங்கப்படவில்லை. உள்நாடு ஏனைய கம்பனிகளுக்கு, வெளிநாடு பான் அமெரிக்கனுக்கு என்பதே அன்றைய பங்கீடாக இருந்தது.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில், 1944ஆம் ஆண்டின் பிற்பகுதியில், 52 நாடுகளின் பிரதிநிதிகள் சிக்காகோவிற் கூடினர். விமானங்களை மிகுதியாக வைத்திருந்த அமெரிக்கா வானம் திறந்திருத்தல் வேண்டும் என்றது. போரால் நலிந்த பிரித்தானியா கட்டுப்பாடும் பங்கீடும் வேண்டும் என்றது. இறுதியில் ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வானத்தின் மீது முழுமையான தனியுரிமை உண்டு என்னும் கோட்பாடே சிக்காகோ உடன்படிக்கையின் முதலாம் பிரிவாயிற்று. பயணிகளை ஏற்றும் உரிமைகள் நாடுகள் இருவர் இருவராகப் பேசித் தீர்க்கும் விடயமாக விடப்பட்டன. 1946இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட பெர்மூடா உடன்படிக்கை அதன்பின் எழுந்த பல ஒப்பந்தங்களுக்கு முன்மாதிரியானது. வல்லரசுகள் தம்முட் பொருதியதன் விளைவாகத் தோன்றிய இவ்வேற்பாடு சிறிய நாடுகளுக்கும் ஒரு செல்வத்தை அளித்தது. அனுமதி என்பது இனி ஒவ்வொரு நாடும் பேரம்பேசத்தக்க பொருளாயிற்று.

போருக்குப் பிந்திய காலத்தில் தொழில்நுட்பப் போட்டியும் முனைப்புற்றது. உலகின் முதலாவது ஜெற் பயணிகள் சேவையை 1952 மே மாதத்தில் கொமற் விமானத்தைக் கொண்டு இலண்டனுக்கும் ஜொகன்னஸ்பேர்க்குக்கும் இடையே பி.ஓ.ஏ.சி. ஆரம்பித்தது. விபத்துக்களால் 1954இல் அவ்விமானங்கள் சேவையினின்றும் நீக்கப்பட்டன. 1958 ஒக்ரோபர் 4ஆம் திகதி திருத்தியமைக்கப்பட்ட கொமற் அத்திலாந்திக்கைக் கடந்தபோது, பான் அமெரிக்கனின் போயிங் 707 அதற்கு 22 நாட்களே பிந்தியிருந்தது. ஆயினும் கூடிய பயணிகளை ஏற்றவல்ல 707 விமானமே சந்தையை வென்றது. 1970 ஜனவரியில் 747 விமானத்தை முதன்முதலிற் சேவையிலிட்டதும் பான் அமெரிக்கனே.

விமானங்களில் முன்னின்ற அச்சேவை அனுமதியிற் பின்தங்கியது. 1945இலேயே அத்திலாந்திக் வழிகளில் ஏனைய அமெரிக்கக் கம்பனிகளும் அனுமதிக்கப்பட்டமையால் அதன் தனியுரிமை போயிற்று. உள்நாட்டு உரிமையோ கிடைக்கவில்லை. அமெரிக்காவின் சிறு நகரொன்றிலிருந்து பாரிஸ் செல்லும் ஒருவரை நியூயோர்க் வரை வேறொரு கம்பனியே கொண்டுவர வேண்டியிருந்தது. 1978ஆம் ஆண்டின் சட்டம் உள்நாட்டுக் கட்டுப்பாடுகளை நீக்கியபோது பான் அமெரிக்கன் 1980இல் நஷனல் எயர்லைன்ஸை வாங்கியது. அது காலங்கடந்த முயற்சியாக முடிந்தது. 1985இல் பசுபிக் வழிகளை, அவற்றிற் சேவை புரிந்த விமானங்களுடன், 75 கோடி டொலருக்கு யுனைற்றெட் நிறுவனத்திற்கு விற்க உடன்பட்டது. 1988 டிசம்பரில் லொக்கர்பி வானில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு மேலும் ஓர் அடியாயிற்று. 1991இல் ஹீத்ரோ உரிமைகளும் யுனைற்றெட்டுக்கு விற்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் திகதி சேவை நின்றது. இறுதிக்காலத்தில் அதனிடம் விலைபோன பெருஞ்சொத்துக்களுள் முதன்மையானவை பேரரசுகளிடம் பேரம்பேசிப் பெற்ற அனுமதிகளே என்பது கவனித்தற்குரியது.

அதே குறை வேறிடத்தில் வேறு பயனைத் தந்தது. 1972இல் மலேசிய-சிங்கப்பூர் எயர்லைன்ஸ் இரண்டாகப் பிரிந்தபோது உள்நாட்டு வழிகள் மலேசியாவைச் சேர்ந்தன. உள்நாட்டு வழியொன்றேனும் அமையமுடியாத சிங்கப்பூருக்கு வெளிநாட்டு வழிகளே எஞ்சின. இலண்டனிலிருந்து சிட்னி செல்பவரைத் தன் நகருக்குக் கொணர்ந்து, அங்கிருந்து அப்பாற் கொண்டுசெல்லும் முறையை அது வளர்த்தது. துறையினர் இதனை ஆறாவது உரிமை என்பர். இம்முறையில் உள்நாடு சிறிதாயிருத்தல் குறையன்று. பிற நாடுகளின் பயணிகளே சந்தையாகின்றனர். 1981இல் திறக்கப்பட்ட சாங்கி நிலையம் இந்நோக்கத்திற்குத் துணைநின்றது. இலாபமீட்டாவிடின் சேவை மூடப்படும் என்பதை அரசு தொடக்கத்திலேயே தெளிவாகக் கூறியிருந்தது.

டுபாயும் இவ்வழியையே பின்பற்றியது. கல்ஃப் எயர் தன் சேவைகளைக் குறைத்ததைத் தொடர்ந்து, பாகிஸ்தானின் விமான சேவையிடம் வாடகைக்குப் பெற்ற இரு விமானங்களுடன் எமிரேற்ஸ் 1985 ஒக்ரோபரிற் கராச்சிக்குப் பறந்தது. 2015இல் அமெரிக்காவின் மூன்று பெருங்கம்பனிகள் வளைகுடாச் சேவைகள் அரச மானியத்தால் வளர்ந்தன எனக் குற்றஞ்சாட்டின. எமிரேற்ஸ் அதனை மறுத்தது. தபாற் பணத்தால் வளர்ந்த சேவைகளின் நாட்டிலிருந்து இக்குற்றச்சாட்டு எழுந்தமை வரலாற்று மாணவருக்குச் சுவையானதாகும். இந்தோனேசியாவை இழந்த ஒல்லாந்தும் இவ்வழிக்கே வந்தது. 1992இல் அமெரிக்காவுடன் முதலாவது திறந்த வான் உடன்படிக்கையைச் செய்து, ஸ்கிப்போல் நிலையத்தைப் பிறநாட்டுப் பயணிகளின் சந்தியாக்கியது.

இங்கு இலங்கையின் அனுபவம் இயல்பாகவே நினைவுக்கு வருகின்றது. 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை ஊடாகச் சென்னைக்குப் பறந்த எயர் சிலோன், நெடுந்தூர வழிகளில் அந்நியக் கம்பனிகளின் கூட்டிலேயே தங்கியிருந்தது. 1979இல் எயர் லங்கா சேவையை ஆரம்பித்தபோது சிங்கப்பூர் எயர்லைன்ஸ் விமானங்களையும் நிருவாக உதவியையும் அளித்தது. 1998இல் எமிரேற்ஸ் பங்குதாரராகிப் பத்தாண்டுகளுக்கு நிருவாகத்தை ஏற்றது. உலகின் மிகத் திறமையான இரு ஆசிரியரிடமும் இத்தீவு பாடங்கேட்டது எனலாம். 2007 டிசம்பரில், இலண்டனிலிருந்து திரும்பிய ஜனாதிபதி குழுவினருக்காகப் பணஞ்செலுத்திய பயணிகளை இறக்க நிறுவனம் மறுத்தது. அதனைத் தொடர்ந்து அதன் தலைமை நிருவாகியின் தொழில் அனுமதி நீக்கப்பட்டது. 2008இல் எமிரேற்ஸின் நிருவாக ஒப்பந்தம் முடிவுற்றது. அதன்பின் அச்சேவை ஈட்டிய பெருநட்டங்கள் பொதுமக்களின் கடனாயின.

இவற்றை ஒருங்குவைத்து நோக்கின், உள்நாட்டுச் சந்தையின் இன்மை அழிவுக்கோ ஆக்கத்துக்கோ தன்னளவிற் காரணமன்று என்பது புலனாகும். பான் அமெரிக்கனின் குறையைப் போட்டியாளர் நிரப்பினர். சிங்கப்பூரின் குறையைப் பிறநாட்டார் நிரப்பினர். புவியியல் வாய்ப்பும் தனித்து நின்று பயன்தராது. கிழக்கு மேற்குக் கடல்வழியில் அமைந்த கொழும்புக்கும் அவ்வாய்ப்பு இருந்தது. பேரம்பேசிப் பெற்ற வானுரிமையை அரசு யாருக்காகப் பயன்படுத்துகின்றது என்பதே முடிவைத் தீர்மானித்தது. விமான சேவையை மக்களின் முதலீடாகப் பேணிய அரசுகளுக்கு அது வருவாய் தந்தது. ஆட்சியாளரின் வாகனமாகக் கருதிய இடத்தில் அதன் செலவைப் பறந்தறியாத மக்களே செலுத்தினர்.