ஏழு பேரின் அரசு

1920 அக்டோபர் 17-ம் தேதி தாஷ்கண்டில் ஏழு பேர் கூடி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தார்கள். ஏழு பேரில் ஒருவர் சென்னைக்காரர், எம். பி. டி. ஆச்சார்யா. பாரதி எழுதிய 'இந்தியா' பத்திரிகையோடு புதுச்சேரிக்குப் போனவர். பிறகு லண்டன், பெர்லின், காபூல் என்று அலைந்தவர். கட்சியின் நிர்வாகக் குழுவுக்கு அவரே தலைவர். மறு வருஷத் தொடக்கத்தில் எம். என். ராயோடு மோதல், பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். 1922-ல் பெர்லின் திரும்பியபின் அராஜகவாதிகளோடு சேர்ந்தார். 1954-ல் பம்பாயில் சாகும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

இதை இரண்டு பேரின் சண்டையாகப் படிப்பது சுலபம். என்னை உறுத்துவது வேறு. ஏழு பேர். ராணுவம் இல்லை, சிறை இல்லை, ஆள ஒரு முழ நிலம் இல்லை. ஆனால் நீக்குகிற பழக்கம் மட்டும் முழுசாக வந்து சேர்ந்திருந்தது. அரசு என்பது கட்டிடமோ போலீஸோ அல்ல, மனிதர் நடுவே உருவாகும் ஓர் உறவு என்று அராஜகவாதிகள் சொன்னதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் எனக்குத் தெரியாது.

லட்சியத்தில் இரு தரப்புக்கும் பேதம் இல்லை. அரசு உதிர்ந்துபோகும் என்று லெனின் 1917-ல் எழுதியதை எந்த அராஜகவாதியும் ஒப்புக்கொள்வான். பேதம் வழியில். அதுவரை அரசு வேண்டும் என்றார்கள் இவர்கள். அரசுக் கட்டிலில் ஏறிய தொழிலாளி அந்தக் கணமே தொழிலாளியாக இருப்பதை விட்டுவிடுகிறான் என்று பகூனின் 1873-லேயே வாதிட்டிருந்தார். நான் வேலை பார்க்கும் வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. இடம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டுவைப்போம். வருஷங்கள் போகும், தற்காலிகம் தீராது. மாறுதல் காலத்து அரசும் இந்த வகைப் பதிவுதான்.

1921-ன் முதல் மாதங்களில் கணக்கு வெளியே தெரிந்தது. பிணைக்கைதிகளைப் பிடித்துவைப்பதைக் கண்டித்து லெனினுக்குக் கடிதம் எழுதியிருந்த க்ரோபோட்கின் பிப்ரவரி 8-ல் இறந்தார். சவ ஊர்வலத்துக்காகச் சிறையிலிருந்த சில அராஜகவாதிகள் ஒரு நாள் வெளியே விடப்பட்டார்கள். மாஸ்கோவில் கறுப்புக்கொடி திரளாகப் பறந்தது அதுவே கடைசி. அதே மாதக் கடைசியில் க்ரான்ஸ்டாட் கடற்படையினர் தங்கள் தீர்மானத்தை வெளியிட்டார்கள். சோவியத்துகளுக்கு ரகசிய வாக்கெடுப்பில் புதுத் தேர்தல், சமரேஷன், சோஷலிஸ்ட் கைதிகளுக்கு விடுதலை: சோவியத்தை எதிர்த்து அல்ல, சோவியத்தைக் கேட்டு. சமரசம் பேச எம்மா கோல்ட்மனும் அலெக்ஸாண்டர் பெர்க்மனும் முன்வந்தார்கள். பயனில்லை. பனி உறைந்த கடல்மேல் நடந்துபோய்ச் செஞ்சேனை கோட்டையைப் பிடித்தது. மார்ச் 18-ல் எல்லாம் முடிந்தது. அன்று பாரிஸ் கம்யூனின் ஐம்பதாவது ஆண்டுவிழா.

அதே வாரத்தில் பத்தாவது காங்கிரஸ், கட்சிக்குள்ளும் கோஷ்டி கூடாது என்று தடை போட்டது. வெளியே சுட்ட துப்பாக்கி உள்ளே திரும்ப அதிக நாள் ஆகவில்லை. ராய் 1929-ல் கோமிண்டர்னிலிருந்து நீக்கப்பட்டார். தாஷ்கண்ட் எழுவரில் இன்னொருவரான அபனி முகர்ஜி 1937-ல் சுட்டுக்கொல்லப்பட்டார். க்ரான்ஸ்டாட்டைப் பிடித்த துகாசெவ்ஸ்கிக்கும் அதே வருஷம் அதே முடிவு.

இதற்காக அராஜகவாதிகளைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை. பஞ்சமும் முற்றுகையும் நிஜம். பட்டினி நகரத்துக்கு ரயிலில் தானியம் கொண்டுவருவது யார் என்ற கேள்விக்கு அவர்களிடம் தெளிவான பதில் இருந்ததில்லை. உக்ரைனில் மக்னோவின் படையிலும் உளவுப் பிரிவு இருந்தது, கட்டாய ஆள்சேர்ப்பு இருந்தது. அவர்களுடைய பலம் தீர்வில் இல்லை, சந்தேகத்தில்.

ஆச்சார்யா 1935 வாக்கில் பம்பாய் திரும்பினார். மனைவி மாக்தா நாக்மன், ரஷ்ய ஓவியர், 1951-ல் தன் கண்காட்சி திறக்கவிருந்த நாளில் இறந்தார். 1947-க்குப் பின் வந்த அரசையும் ஆச்சார்யா நம்பவில்லை. வறுமையில் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் கட்டுரைகள் ஆங்கிலத்தில் தொகுப்பாக வந்தது 2019-ல்தான். தமிழில் அவர் இன்னும் பாரதி வரலாற்றில் வந்துபோகும் ஒரு பெயர்.

அரசைக் கைப்பற்றியபின் என்ன ஆகிறது என்பதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. கைப்பற்றுவதற்கு முன்பே, ஏழு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் என்ன ஆகிறது என்பதே ஆச்சார்யா விட்டுப்போன கேள்வி. நம் பத்திரிகைக் குழுக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.