அலுவலகத்துக்குள் ஃபைபர்: கேபிள் சுவருக்குள் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புதிய கட்டடம் ஒன்று எழும்பும்போது சிமெண்ட் விலையைக் கேட்கிறோம், கம்பியின் அளவைக் கேட்கிறோம், டைல்ஸைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்க்கிறோம். கம்ப்யூட்டர் கேபிள் என்று வந்ததும், "அதை அந்தத் தம்பி பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம். டைல்ஸ் சரியில்லை என்றால் அடுத்த ஆண்டே மாற்றலாம். சுவருக்குள்ளும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் போய்விட்ட கேபிளை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. இன்று போடுவதோடு நீண்ட காலம் வாழ வேண்டியிருக்கும்.

நம்மில் பலர் பள்ளிக்கூடம், கல்லூரி, மருத்துவமனை, வணிக நிறுவனம் என ஏதாவது ஒன்றின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறோம். கொட்டேஷனோடு வருபவர்களில் சிலர் இப்போது 'பேசிவ் ஆப்டிகல் லேன்' என்ற முறையைப் பரிந்துரைக்கிறார்கள். செலவு குறையும், மின்சாரம் மிச்சமாகும், வேகம் கூடும் என்கிறார்கள். இதில் உண்மையும் இருக்கிறது, சொல்லாமல் விடுவதும் இருக்கிறது. செலவாகப் போவது பெரும்பாலும் பலருடைய பணம் என்பதால், இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நம் கடமை.

இப்போது இருக்கும் முறை

ஓர் அலுவலகத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், பிரிண்டர், தொலைபேசி, கேமரா, வைஃபை பெட்டி ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் வலையைத்தான் லேன் என்கிறோம். வழக்கமான முறையில் ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒரு செம்புக் கேபிள் கிளம்பி, அந்த மாடியில் உள்ள ஒரு சிறிய அறைக்குப் போகும். அங்கே ரேக்கில் ஸ்விட்ச் இருக்கும். அந்த ஸ்விட்சுகளிலிருந்து கீழே உள்ள முதன்மை அறைக்கு இன்னொரு கேபிள் போகும்.

மாடிக்கு ஓர் அறை ஏன் வேண்டும்? செம்புக் கேபிளுக்கு ஓர் எல்லை உண்டு. ஸ்விட்சிலிருந்து கம்ப்யூட்டர் வரை மொத்தம் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுவருக்குள் 90 மீட்டர், இரு முனைகளிலும் உள்ள சிறு கேபிள்களுக்கு 10 மீட்டர் என்பது கணக்கு. அதற்குள் ஒரு ஸ்விட்ச் இருந்தே ஆக வேண்டும். ஸ்விட்ச் இருந்தால் மின்சாரம் வேண்டும், யுபிஎஸ் வேண்டும், அறை சூடாகாமல் இருக்க ஏசி வேண்டும், பூட்டுச் சாவியும் வேண்டும். ஆறு மாடி என்றால் இத்தனையும் ஆறு முறை.

புதிய முறையில் என்ன நடக்கிறது?

வீட்டுக்கு ஃபைபர் இணைய இணைப்பு வாங்கியவர்கள் சுவரில் ஒரு சிறு வெள்ளைப் பெட்டி மாட்டியிருப்பதைப் பார்த்திருப்போம். அதே தொழில்நுட்பத்தைத்தான் அலுவலகத்துக்குள் கொண்டு வருகிறார்கள். இதில் மூன்று பாகங்கள்.

முதலாவது, முதன்மை அறையில் இருக்கும் ஓஎல்டி என்ற கருவி. மொத்த வலையின் மூளை இதுதான். இதன் ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் ஒரே ஓர் இழை ஃபைபர் கிளம்பும்.

இரண்டாவது, ஸ்ப்ளிட்டர். ஓர் இழையில் வரும் ஒளியை 8, 16, 32 என்று பல இழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சிறு பெட்டி இது. இதற்கு மின்சாரமே தேவையில்லை. 'பேசிவ்' என்ற பெயர் வந்தது இதனால்தான். சுவரில் ஒரு சிறு டப்பாவுக்குள்ளோ சீலிங்குக்கு மேலோ வைத்துவிடலாம். தனி அறையும் ஏசியும் வேண்டாம்.

மூன்றாவது, மேசைக்கு அருகில் வரும் ஓஎன்டி. ஒளியை மீண்டும் மின்குறியாக மாற்றி, வழக்கமான 2 அல்லது 4 லேன் போர்ட்டுகளாகக் கொடுக்கும். கம்ப்யூட்டரை மாற்ற வேண்டியதில்லை. வழக்கமான சிறு கேபிளை இதில் செருகினால் போதும்.

ஒரே இழையில் போவதும் வருவதும்

போவதற்கு ஓர் இழை, வருவதற்கு ஓர் இழை என்று இரண்டு தேவையில்லை. ஜிபான் என்ற தரத்தில் கீழ்நோக்கிய தகவல் 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியிலும், மேல்நோக்கிய தகவல் 1310 நானோமீட்டர் ஒளியிலும் போகின்றன. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. இரண்டும் வெவ்வேறு என்பதால் ஒரே இழையில் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் செல்கின்றன.

கீழ்நோக்கி ஓஎல்டி அனுப்பும் ஒளி, அந்த ஸ்ப்ளிட்டரில் இருக்கும் எல்லா ஓஎன்டிகளுக்கும் போய்ச் சேரும். ஒவ்வொன்றும் தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அப்படியானால் கணக்குப் பிரிவுக்குப் போகும் தகவலை அடுத்த அறையில் ஒட்டுக்கேட்க முடியாதா? இதற்காகத்தான் ஜிபான் தரத்திலேயே 128 பிட் ஏஇஎஸ் மறையாக்கம் வைத்திருக்கிறார்கள். அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மேல்நோக்கி எல்லா ஓஎன்டிகளும் ஒரே நேரத்தில் பேசினால் ஒளி ஒன்றோடொன்று மோதிவிடும். எனவே ஓஎல்டி ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்குகிறது. அதிகம் அனுப்ப வேண்டியவருக்கு அதிக நேரம், சும்மா இருப்பவருக்குக் குறைந்த நேரம் என்று நொடிக்குள் பலமுறை இந்தப் பங்கீடு மாறிக்கொண்டே இருக்கும்.

ஒளி ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் அதன் வலிமை பாதியாகும். பொறியாளர்கள் இதை 3 டெசிபல் இழப்பு என்பார்கள். 32 ஆகப் பிரிக்க ஐந்து முறை பாதியாக்க வேண்டும் என்பதால் 15 டெசிபல், நடைமுறையில் சுமார் 17 டெசிபல் போய்விடும். ஜிபானில் பரவலாகப் பயன்படும் பி பிளஸ் வகைக் கருவிகள் 28 டெசிபல் இழப்பு வரை தாங்கும். ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கு இழப்பு அரை டெசிபலுக்கும் குறைவு. எனவே ஒரு கல்லூரி வளாகத்துக்குள் தூரம் ஒரு பிரச்சினையே அல்ல. 20 கிலோமீட்டர் வரை போகும்படி வடிவமைக்கப்பட்ட முறை இது.

வேகம் போதுமா?

ஜிபான் கீழ்நோக்கி நொடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட், மேல்நோக்கி சுமார் 1.25 ஜிகாபிட் கொடுக்கும். இது ஒரு ஸ்ப்ளிட்டரில் உள்ள அனைவருக்கும் பொதுவானது. 32 பேரும் ஒரே நொடியில் முழு மூச்சாகப் பதிவிறக்கினால் ஆளுக்குச் சுமார் 78 மெகாபிட் வரும். 'ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ஜிகாபிட்' என்று கொட்டேஷனில் இருந்தால், அது போர்ட்டின் வேகம்தானே தவிர எல்லாருக்கும் எப்போதும் கிடைக்கும் வேகமல்ல.

ஆனால் பழைய முறையிலும் பங்கு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. 48 போர்ட் ஸ்விட்ச் ஒன்று ஒரே ஒரு ஜிகாபிட் கேபிளால் கீழே இணைக்கப்பட்டிருந்தால், 48 பேரும் ஒரே நேரத்தில் கேட்கும்போது ஆளுக்கு 21 மெகாபிட்தான். அலுவலகத்தில் எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தைக் கேட்பது அரிது என்பதால் இரண்டு முறைகளும் ஓடுகின்றன.

எக்ஸ்ஜிஎஸ்-பான் என்ற அடுத்த தரம் 2016-ல் வந்தது. இது இரு திசைகளிலும் சுமார் 10 ஜிகாபிட் கொடுக்கும். இது கீழ்நோக்கி 1577, மேல்நோக்கி 1270 நானோமீட்டர் ஒளியைப் பயன்படுத்துவதால், ஜிபான் ஓடிக்கொண்டிருக்கும் அதே இழையில், அதே ஸ்ப்ளிட்டரில் இதையும் சேர்த்து ஓட்டலாம். சுவரை உடைக்க வேண்டாம். இரு முனைகளிலும் கருவிகளை மாற்றினால் போதும். இந்த முறையின் மிகப் பெரிய பலம் இதுதான்.

பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள்

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள சாண்டியா தேசிய ஆய்வுக்கூடம் இந்த முறையைப் பெரிய அளவில் முதலில் எடுத்துக்கொண்ட நிறுவனங்களில் ஒன்று. 265 கட்டடங்களையும் 13,000 கம்ப்யூட்டர் போர்ட்டுகளையும் ஃபைபரில் இணைத்தார்கள். ஐந்து ஆண்டுகளில் சுமார் 2 கோடி டாலர் மிச்சமாகும், வலைக்கான மின்செலவு 65 சதவீதம் குறையும் என்பது அவர்களுடைய மதிப்பீடு.

இந்த எண்களை அப்படியே நம் கட்டடத்துக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. நூற்றுக்கணக்கான கட்டடங்கள் பரந்த நிலத்தில் சிதறிக் கிடக்கும் இடம் அது. மாடிதோறும், கட்டடம்தோறும் இருந்த ஸ்விட்ச் அறைகள் குறைந்ததால்தான் அவ்வளவு மிச்சம். இரண்டு மாடியில் நாற்பது மேசை உள்ள ஓர் அலுவலகத்தில் ஒழிப்பதற்கு இருப்பதே ஓர் அறைதான்.

நமக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இடி மின்னல் காலத்தில், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகும் செம்புக் கேபிள் வழியாக மின்னழுத்தம் பாய்ந்து கருவிகள் கருகிப்போவதுண்டு. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் கவசம் இல்லாத ஃபைபரைப் போட்டால் அந்த வழி அடைபடுகிறது. கவசம் உள்ள கேபிள் என்றால் அதை முறையாக எர்த் செய்ய வேண்டும்.

கரண்ட் போனால்?

நாம் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது. செம்புக் கேபிள் தகவலோடு மின்சாரத்தையும் சேர்த்துக் கொண்டு போகும். இதை பிஓஇ என்கிறார்கள். ஸ்விட்ச் அறையில் ஒரு யுபிஎஸ் இருந்தால், அந்த மாடியில் உள்ள தொலைபேசி, கேமரா, வைஃபை எல்லாம் கரண்ட் போன பிறகும் ஓடும்.

கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. மேசைக்கருகில் உள்ள ஒவ்வொரு ஓஎன்டிக்கும் அங்கேயே மின்சாரம் வேண்டும். முதன்மை அறையில் எவ்வளவு பெரிய யுபிஎஸ் இருந்தாலும், ஓஎன்டி அணைந்துவிட்டால் அதில் இணைந்த தொலைபேசியும் கேமராவும் அணைந்துவிடும். மருத்துவமனையில் செவிலியர் அறையின் தொலைபேசி நள்ளிரவில் செத்துப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. கட்டடம் முழுவதும் யுபிஎஸ் மின்இணைப்பு இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் ஓஎன்டிக்கு ஒரு சிறு பேட்டரி வைக்கலாம். அல்லது ஃபைபரோடு மெல்லிய செம்புக் கம்பியும் சேர்ந்த கேபிளைப் போட்டு, ஓரிடத்திலிருந்து மின்சாரம் கொடுக்கலாம். எதைச் செய்தாலும் அதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவு கொட்டேஷனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின் மிச்சக் கணக்கைக் காட்டும்போதும், ஒழிந்துபோன ஸ்விட்சுகளை மட்டும் கழித்துவிட்டு, புதிதாக வரும் நூற்றுக்கணக்கான ஓஎன்டிகள் தின்னும் மின்சாரத்தைச் சேர்க்காமல் விடுவதுண்டு.

கவனிக்க வேண்டிய மற்ற குறைகள்

ஓஎல்டி கெட்டுப்போனால் கட்டடமே நின்றுவிடும். இரண்டு ஓஎல்டி போர்ட்டுகள், இரண்டு வெவ்வேறு பாதையில் ஃபைபர், இரண்டு உள்வழிகள் கொண்ட ஸ்ப்ளிட்டர் என்று வைத்தால் ஒன்று போனாலும் மற்றொன்று எடுத்துக்கொள்ளும். மருத்துவமனைக்கு இது அவசியம்.

ஒரு நிறுவனத்தின் ஓஎல்டியோடு இன்னொரு நிறுவனத்தின் ஓஎன்டி எல்லா வசதிகளோடும் சேர்ந்து ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தரம் ஒன்றுதான் என்றாலும் நடைமுறையில் பெரும்பாலும் ஒரே நிறுவனத்திடமே வாங்க வேண்டியிருக்கும். ஐந்து ஆண்டு கழித்து அந்த நிறுவனம் விலையை ஏற்றினாலோ, அந்த மாடலை நிறுத்தினாலோ சிக்கல் நமக்குத்தான்.

பக்கத்து மேசைக்கு அனுப்பும் கோப்பும் முதன்மை அறை வரை போய்த்தான் திரும்பும். பெரிய வீடியோக் கோப்புகளை நாள் முழுவதும் தங்களுக்குள் பரிமாறும் அலுவலகத்துக்கு, குறிப்பாக ஜிபானில், இது இறுக்கமாக இருக்கும்.

பழுது பார்ப்பதும் வேறு வேலை. ஃபைபரை ஒட்டுவதற்கு ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும், ஒளியின் அளவைப் பார்க்க பவர் மீட்டர் வேண்டும். இணைப்பு முனையில் படியும் தூசு மட்டுமே வலையை முடக்கப் போதும். நம் ஊரில் இந்த வேலை தெரிந்தவர் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பது முக்கியமான கேள்வி. எரியும் ஃபைபரின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது என்பதையும் ஊழியர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். ஒளி தெரியாது, ஆனால் கண்ணைத் தாக்கக்கூடும்.

யாருக்குப் பொருந்தும்?

பல மாடி, பல கட்டடம், நூற்றுக்கணக்கான போர்ட்டுகள், கட்டடத்தில் பொதுவான யுபிஎஸ் அல்லது ஜெனரேட்டர், புதிதாகக் கேபிள் போடும் நேரம் ஆகியவை கூடி வரும் இடத்தில் இந்த முறை நன்றாகப் பொருந்தும். கல்லூரி விடுதி, தங்கும் விடுதி, பெரிய மருத்துவமனை போன்றவை இந்த வகை.

ஒரு மாடி அலுவலகம், சிறு பள்ளிக்கூடம், நல்ல நிலையில் செம்புக் கேபிள் ஏற்கெனவே உள்ள கட்டடம் ஆகியவற்றுக்கு அவசரம் இல்லை. கேமராவும் வைஃபையும் அதிகம், பொது யுபிஎஸ் இல்லை என்றால் செம்புதான் எளிது. கட்டடங்களுக்கு இடையே ஃபைபர், கட்டடத்துக்குள் செம்பு என்ற கலப்பு முறையும் பலருக்குப் போதுமானது.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

ஒரு ஸ்ப்ளிட்டரில் எத்தனை ஓஎன்டி? அனைவரும் ஒன்றாகப் பயன்படுத்தினால் ஆளுக்கு எவ்வளவு வேகம்?

ஜிபானா, எக்ஸ்ஜிஎஸ்-பானா? பின்னால் மாற்றினால் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

கரண்ட் போனால் எந்தெந்தக் கருவி எவ்வளவு நேரம் ஓடும்?

ஓஎல்டி நின்றால் மாற்று ஏற்பாடு என்ன?

ஓஎன்டி ஒன்றின் விலை என்ன? உபரியாக எத்தனை தருவீர்கள்? எத்தனை ஆண்டுகளுக்கு அந்த மாடல் கிடைக்கும்?

இதே கட்டடத்துக்கு வழக்கமான செம்பு முறையில் ஒரு கொட்டேஷன் தர முடியுமா?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்கத் தவறக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாங்கும் விலையோடு ஏழெட்டு ஆண்டு மின்செலவையும் பராமரிப்பையும் கூட்டிப் பார்த்தால்தான் எது லாபம் என்று தெரியும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் அளந்த டெசிபல் அளவுகளையும், எந்த ஸ்ப்ளிட்டர் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தையும் எழுத்தில் வாங்கி அலுவலகக் கோப்பில் வைக்க வேண்டும். கேபிள் போட்ட தம்பி வேறு ஊருக்குப் போய்விடலாம், நிர்வாகக் குழுவும் மாறிவிடலாம். அடுத்து வருபவர்கள் சுவரை உடைத்துத் தேடாமல் இருக்க அந்த ஒரு தாள் உதவும்.