வஸ்வாஸ்: ஒரு கேள்வித்தாளின் கதை

பூட்டிய கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. அதையே இருபது முறை செய்தால்? ஜாக்கிரதை எங்கே முடிகிறது, ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோய் எங்கே தொடங்குகிறது? இதை அளக்க உளவியலாளர்கள் கேள்வித்தாள்களைத் தயாரித்தார்கள். அதில் அரபு மொழிக்கு ஒரு தனிக்கதை இருக்கிறது.

அரபியில் இதற்குப் பழைய பெயர் வஸ்வாஸ். கிசுகிசுப்பது என்று பொருள். குர்ஆனின் கடைசி அத்தியாயத்தில் வரும் சொல் இது. நம்மூர் முஸ்லிம் நண்பர்களும் இதைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பகுதியைச் சேர்ந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ (850–934), உடல்நலம், மனநலம் பற்றிய தன் நூலில் வஸ்வாஸுக்கென்றே ஒரு அத்தியாயம் எழுதினார். வேண்டாத எண்ணங்கள் மனதைப் பிடித்துக்கொண்டு, அன்றாட வேலைகளைச் செய்யவிடாமல் தடுப்பதை அவர் அதில் விவரிக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டில் அளவுகோல்கள் மேற்கிலிருந்து வந்தன. 1977-ல் லண்டனின் மாட்ஸ்லி கேள்வித்தாள், 30 கேள்விகளோடு. 1989-ல் அமெரிக்காவின் யேல்-பிரவுன் அளவுகோல். இவற்றை அப்படியே மொழிபெயர்த்தால் போதாதா?

யோசித்துப் பாருங்கள். தொழுகைக்கு முன் உளூ செய்பவர் கை, வாய், மூக்கு, முகம் என்று மும்மூன்று முறை கழுவுவார். ஒரு நாளில் ஐந்து வேளைத் தொழுகை. "அடிக்கடி கை கழுவுவீர்களா?" என்று கேட்டால், நலமாக இருப்பவரும் "ஆம்" என்பார். மாறாக, ஒரு மணி நேரம் கழுவியும் திருப்தி வராமல் தவிப்பவர், "தொழுகைக்காகத்தான்" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். இது வெறும் கற்பனைச் சிக்கல் இல்லை. அஹ்மத் ஒகாஷா குழுவினர் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், எகிப்தில் 90 நோயாளிகளிடம் அதிகம் காணப்பட்டவை மதம், அசுத்தம் பற்றிய எண்ணங்களே.

எகிப்திய உளவியலாளர் அஹ்மத் அப்துல் காலிக் அரபியிலேயே ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். 32 வாக்கியங்கள், ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். பின்னர் பயணம் எதிர்த்திசையிலும் நடந்தது. டேவிட் லெஸ்டருடன் சேர்ந்து குவைத், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை ஒப்பிட்டு 1999-ல் ஆய்வு வெளியிட்டார்.

ஒன்றை மறக்கக் கூடாது. இத்தகைய தாள் அளப்பது குணத்தின் அளவைத்தான். அதிக மதிப்பெண் வாங்கியவரெல்லாம் நோயாளி இல்லை. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கணக்கை இருமுறை சரிபார்ப்பவர் நல்ல கணக்காளர். சரிபார்த்து முடிக்கவே முடியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவருக்குத்தான் உதவி தேவை. எத்தனை முறை என்பதைவிட, அது வாழவிடுகிறதா என்பதே முக்கியமான கேள்வி. அல்-பல்கீ ஆயிரம் வருடம் முன்பே கவனித்ததும் அதைத்தான்.