நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? முதலில் தாயைப் பாருங்க

வாட்ஸ்ஆப்பில் ஆறு குட்டிகளின் படம் வருகிறது. ஒன்றுக்கு மட்டும் நெற்றியில் வெள்ளைப் பொட்டு. "இதுதான் வேணும்" என்று அந்த நொடியே முடிவு செய்துவிடுகிறோம். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் நம்மோடு வாழப்போகும் உயிரைத் தேர்ந்தெடுக்க அந்தப் பொட்டு மட்டும் போதுமா? நேரில் போகும்போது என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

எத்தனை வாரக் குட்டி?

இந்தியாவில் 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன, நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017-ம் ஆண்டு விதிகள். ப்ரீடர், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். பதிவுச் சான்றிதழைத் தயங்காமல் கேளுங்க.

எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் உடன்பிறப்புகளோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. 5 வாரத்திலேயே பிரித்தால் அந்தப் பாடம் பாதியில் நின்றுவிடும். "சின்னதுலயே எடுத்துட்டுப் போனாதான் நல்லா ஒட்டும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

தாயை ஏன் பார்க்க வேண்டும்?

தாயின் குணம் ரத்தத்திலும் வரும், பழக்கத்திலும் வரும். புது ஆளைப் பார்த்துத் தாய் லேசாக உறுமுவது இயல்பு. வளர்ப்பவர் அருகில் இருந்தும் நடுங்கி ஒளிந்தாலோ, பாய்ந்தாலோ யோசியுங்க. "தாய் ஊர்ல இருக்கு, குட்டியை பஸ் ஸ்டாண்டுல வந்து தர்றேன்" என்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

கையில் எடுத்ததும்?

கண்ணில் பீளை, காதில் துர்நாற்றம், வெளிறிய ஈறு இருக்கக் கூடாது. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழு இருக்கலாம். தொப்புளில் புடைப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

டால்மேஷன், ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேளாமை வருவதுண்டு. குட்டியைத் தனியாக விட்டு, அதன் கண்ணில் படாமல் பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்க. கூட்டத்தில் இருந்தால் மற்ற குட்டிகளைப் பார்த்து அதுவும் திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் கைதட்டலில் தெரியாது. அதற்கு மருத்துவப் பரிசோதனை தேவை.

ஓடி வரும் குட்டியா, ஒதுங்கும் குட்டியா?

முதலில் ஓடி வருவதைப் பார்த்து, "அதுவே என்னைத் தேர்ந்தெடுத்துடுச்சு" என்போம். பெரும்பாலும் அது எல்லோரிடமும் ஓடும் துணிச்சலான குட்டி. நிறைய விளையாட்டும் பயிற்சியும் கேட்கும். மூலையில் பதுங்கும் குட்டிக்குப் பொறுமையான ஆள் வேண்டும். அபார்ட்மென்ட்டில் முதல்முறையாக வளர்ப்பவருக்கு, சற்று நின்று பார்த்துவிட்டுத் தானாக அருகே வரும் குட்டி பொருத்தம்.

ஒரே நாளில் முடிவெடுக்காதீங்க. சாப்பிட்டதும் எல்லாக் குட்டியும் சாதுதான். வேறொரு நேரத்தில் இன்னொரு முறை போய்ப் பாருங்க.

என்ன பேப்பர் வாங்க வேண்டும்?

தடுப்பூசி அட்டை முக்கியம். 6 - 8 வாரத்தில் தொடங்கும் ஊசியை, 3 - 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். கென்னல் கிளப் சான்றிதழ் வம்சாவளியைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தை அல்ல.

பார்வோ வைரஸ் தொற்றினாலும் அறிகுறி தெரியச் சில நாள் ஆகும். இன்று துள்ளும் குட்டி நாலு நாளில் ரத்தமாகக் கழியலாம். அதனால் இரண்டு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. நோய் இருந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்பதைப் பணம் தரும் முன்பே எழுதி வாங்கிக்கோங்க.

பாவமா இருக்கே, வாங்கிடலாமா?

அழுக்குக் கூண்டில் சோர்ந்து கிடக்கும் குட்டியைப் பார்த்தால் மனசு கேட்காது. ஆனால் நீங்கள் தரும் பணம், அதே கூண்டில் அந்தத் தாயின் அடுத்த ஈற்றுக்கு முதலீடாகிவிடும். வாங்காமல் வெளியே வந்து, விலங்குகள் நல வாரியத்திடம் புகார் கொடுங்க. அன்று வெறுங்கையோடு வீடு திரும்புவதும் ஒரு நல்ல முடிவுதான்.