மக்கள் இல்லமும் குற்றக் கதையும்

துப்பறியும் கதை என்றவுடன் பலருக்கும் நினைவில் வருவது இங்கிலாந்தே. நாட்டுப்புறத்துப் பெருமாளிகை ஒன்றிலே கொலை நிகழும். நுண்மதி படைத்த துப்பறிவாளர் ஒருவர் வருவார். ஐயத்துக்குரியோர் அனைவரையும் ஓரிடத்திற் கூட்டிக் குற்றவாளியைச் சுட்டிக் காட்டுவார். கலைந்த ஒழுங்கு மீண்டுவிடும். வாசகரும் நிம்மதியோடு நூலை மூடி வைப்பர். அகதா கிறிஸ்ரி முதலியோர் வளர்த்த மரபு இது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட ஐரோப்பாவிலே தோன்றிய குற்றக் கதையோ இந்த நிம்மதியை அளிப்பதில்லை. கொலையாளி பிடிபடுவான், ஆயினும் மனத்தின் பாரம் குறைவதில்லை. இத்துணை இருண்ட கதைகளை உலகெங்கும் உள்ளோர் விரும்பிப் படிப்பதற்குக் காரணம் யாது? அதனை அறிவதற்குச் சுவீடன் நாட்டின் வரலாற்றை முதலில் நோக்குதல் வேண்டும்.

1928ஆம் ஆண்டில் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பேர் அல்பின் ஹன்சன், அரசு என்பது மக்கள் யாவருக்கும் பொதுவான இல்லமாக விளங்க வேண்டும் என்று பேசினார். நல்லதோர் இல்லத்திலே செல்லப் பிள்ளைக்கும் இடமில்லை, மாற்றாந்தாய்ப் பிள்ளைக்கும் இடமில்லை என்பது அவர் கருத்து. 1932இல் அக்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1936இற் சில மாதங்கள் நீங்கலாக 1976 வரை அரசாங்கத்துக்குத் தலைமை தாங்கியது. முதியோர்க்கு ஓய்வூதியம், குழந்தைகளுக்கு உதவிப்பணம், நோயுற்றோர்க்குக் காப்புறுதி என்பன ஒன்றன்பின் ஒன்றாக நிலைபெற்றன. 1965 தொடக்கம் 1974 வரையிலான பத்து ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் வீடுகள் கட்டப்பட்டன. வறுமையை ஒழித்த முன்மாதிரி நாடு என்று பிறர் சுவீடனைப் புகழ்ந்தனர்.

அப்புகழ் உச்சத்தில் இருந்தபோதே, விளக்கின் அடியிலுள்ள இருளைக் காட்ட இருவர் முற்பட்டனர். மாய் ஷோவல் என்ற பெண்மணியும் அவருடைய வாழ்க்கைத் துணைவர் பேர் வாலோவும் பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டிருந்தவர்கள், இடதுசாரிக் கொள்கையினர். பிள்ளைகள் உறங்கிய பின்னர், எதிரெதிரே அமர்ந்து, ஆளுக்கோர் அத்தியாயமாக அவர்கள் எழுதினர். 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் முப்பது அத்தியாயங்கள். எல்லாவற்றிற்கும் ‘ஒரு குற்றத்தின் கதை’ என்னும் ஒரே துணைத்தலைப்பு. நாவல்களிற் கொலைகள் பல. துணைத்தலைப்பிலே குற்றம் ஒன்றே. நலன்புரி அரசு என்று பெயர் பூண்ட ஆட்சி உழைக்கும் மக்களைக் கைவிட்டது என்பதே அவர்கள் கருதிய அந்த ஒரு குற்றமாகும்.

முதல் நாவலான ‘ரோசான்னா’விலே கால்வாய் ஒன்றிலிருந்து பெயர் அறியப்படாத பெண்ணின் உடல் எடுக்கப்படுகின்றது. மார்ட்டின் பெக் என்னும் பொலிஸ் அதிகாரியும் அவருடைய தோழர்களும் மாதக் கணக்கில் அலைகின்றனர். மின்னல் போன்ற மதியூகம் எதுவும் அங்கில்லை; பொறுமையும் சலிப்பும் கூட்டு உழைப்புமே உள்ளன. 1968இல் வெளிவந்த ‘சிரிக்கும் பொலிஸ்காரன்’, ஸ்ரொக்ஹோம் நகரப் பேருந்து ஒன்றில் ஒன்பது பேர் சுடப்படுவதோடு விரிகின்றது. வியட்நாம் போரை எதிர்த்து ஊர்வலம் நடக்கும் இரவு அது. 1971இல் இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவின் எட்கர் பரிசைப் பெற்றது.

பிற்கால நாவல்களிலே ஆசிரியர்களின் சினம் சில இடங்களிற் கதையை மீறிச் செல்கின்றது என்பது உண்மை. எனினும் அவர்களது அரசியலை ஏற்காதவரும் அந்நூல்களை விரும்பிப் படித்தனர். வயிற்றுக் கோளாறும் தடிமனும் மகிழ்ச்சியற்ற இல்வாழ்வும் உடைய மார்ட்டின் பெக்கிலே தம்மைப் போன்ற ஒரு மனிதரை அவர்கள் கண்டனர்.

1975இல் வெளிவந்த இறுதி நாவலிற் சுவீடனின் பிரதம மந்திரி சுட்டுக் கொல்லப்படுகின்றார். சுட்டவள், அதிகாரிகள் எவரும் செவிசாய்க்காத ஓர் இளம்பெண். அவ்வாண்டே வாலோ காலமானார். பதினோராண்டுகளின் பின், 1986 பெப்ரவரி 28இல், திரைப்படம் பார்த்துவிட்டு மெய்காவலரின்றி மனைவியோடு நடந்து சென்ற பிரதம மந்திரி ஒலொஃப் பால்மே ஸ்ரொக்ஹோம் வீதியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 1989இற் குற்றவாளியென்று தீர்க்கப்பட்ட ஒருவர் அவ்வாண்டே மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். 2020இல் விசாரணை மூடப்பட்டது. நாவல் வருங்காலத்தைக் கணித்தது என்பது பொருந்தாது. ஆயினும் ‘நம் நாட்டில் இது நடவாது’ என்ற நம்பிக்கை அன்றோடு குலைந்தது.

அந்தக் குலைவிலிருந்து எழுந்தவர் ஹென்னிங் மான்கெல். 1991இல் அவர் வெளியிட்ட ‘முகமற்ற கொலைஞர்கள்’ என்னும் நாவலில், தாக்கப்பட்ட மூதாட்டி ஒருத்தி ‘அந்நியர்’ என்ற பொருளுடைய சொல்லைக் கூறி உயிர் விடுகின்றாள். அச்செய்தி வெளியே கசிந்ததும் அகதிகள் மீது வன்முறை மூளுகின்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் 1992 ஜனவரி வரை, குடியேறியோரைக் குறிவைத்து மெய்யாகவே ஒருவன் பதினொருவரைச் சுட்டான். அவர்களில் ஒருவர் மாண்டார். டென்மார்க்கில் பீற்றர் ஹோ 1992இல் எழுதிய நாவலோ, கொப்பன்ஹேகனிற் கூரையிலிருந்து வீழ்ந்து இறந்த கிறீன்லாந்துச் சிறுவனை முன்னிறுத்தியது. 1953 வரை கிறீன்லாந்து டென்மார்க்கின் குடியேற்ற நாடாக இருந்தது. ஐஸ்லாந்தின் ஆர்னல்டுர் இந்திரிதாசன், மண்ணிலிருந்து வெளிப்பட்ட பழைய எலும்புகளைக் கொண்டு, கணவனின் கொடுமைக்கு ஆளான ஒரு மனைவியின் கதையைச் சொன்னார்.

இவர்கள் வழியிற் பின்வந்த சிலர், கொடூரத்தையே விலைப்பொருளாக்கிப் பெண்ணின் சடலத்தை வாசகரை ஈர்க்கும் தூண்டிலாக மாற்றினர் என்பதையும் மறுத்தல் இயலாது. சிறந்த நாவல்களின் கவர்ச்சி வேறு வகையினது. வாக்குறுதியே அளிக்காத ஆட்சியிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. எல்லோர்க்கும் இல்லமாவேன் என்று உரைத்த அரசின் வாயிலில், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்று இந்நாவல்கள் வினவுகின்றன. கொலையாளியின் பெயரை அறிந்த பின்னும் வாசகரின் மனம் அமைதி கொள்ளாமைக்கு அவ்வினாவே காரணம். அதனைத் தத்தம் நாட்டை நோக்கியும் கேட்கலாம் என்பதனாலேயே, பனியையே காணாத நாட்டினரும் அக்கதைகளைத் தம்முடையனவாகக் கொண்டனர்.