தகர வில்லையும் ஆளடையாள எண்ணும்

ஒருவரை மற்றொருவரினின்றும் பிரித்தறிதற்குப் பெயரே போதுமெனக் கருதுவாருமுளர். ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் செக்ரோலைப் புரட்டியவர் அங்ஙனங் கூறார். ஒரே லயத்தில் மூன்று மாரியாயிகள் இருப்பின் அது வியப்பன்று. மேலும், தோட்டவழக்கில் 'பேர்' என்னுஞ் சொல் ஒரு நாள் வேலையையுங் குறிக்கும். முழுப்பேர், அரைப்பேர் என்பன கூலியின் அளவுகள். பெயர் கூலிக்கு அளவாகிவிட்டவிடத்து, ஆளைக் குறிக்க எண் வேண்டப்பட்டமை இயல்பே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசு 'டின் டிக்கற்' என்னும் முறையைப் புகுத்திற்று. சிறு தகர வில்லையொன்றில் மாவட்டக் குறியெழுத்தும், தோட்டத்தின் பதிவெண்ணும், ஆளின் தொடரெண்ணும் பொறிக்கப்பட்டன. (கங்காணிக்குப்பட்ட கடனைக் காட்டி, 1921 இல் ஒழிக்கப்பட்ட 'துண்டு' என்னும் கடதாசி வேறு, இது வேறு.) கங்காணி வில்லைகளைத் தமிழகத்து ஊர்களுக்குக் கொண்டுசென்று ஆட்களுக்கு அளிப்பான், வழியிலுள்ள அலுவலர் வில்லையை நோக்கி ஆளை உரிய தோட்டத்துக்கு அனுப்பிச் செலவைத் தோட்டத்தின் கணக்கிலெழுதுவர். 1894 இல் பண்டாரவளையை அடைந்த இருப்புப்பாதை 1924 இலேயே பதுளையை எட்டிற்று. ஆதலின் இடைப்பட்ட ஆண்டுகளில் பசறை, நமுனுகலைப் பக்கங்களுக்கு வந்தோர் இருப்புப்பாதை முடிந்தவிடத்தில் இறங்கிச் சாலைவழியே சென்றனர். மொழியறியாத அலுவலனுக்கும் கழுத்திற் கட்டிய எண் விளங்கும்.

இம்முறையின் நுட்பம் கருதத்தக்கது. தோட்டத்துக்குரிய எண்ணை மட்டும் நடுவணலுவலகம் வழங்கும். அதன்பின் ஒவ்வொரு தோட்டமும் பிறிதொன்றை வினவாமலே ஒன்று, இரண்டு எனத் தொடரெண்ணிடலாம். இரு வில்லைகள் ஒத்திரா. 2010 இல் துவிற்றர் நிறுவனம் அமைத்த 'சினோபிளேக்' என்னும் எண்முறையும் இவ்வழியதே: பத்துப் பிட்டுகள் இன்ன பொறியென்பதையும், பன்னிரண்டு பிட்டுகள் அப்பொறியிட்ட தொடரெண்ணையுங் காட்டும். ஆயினும் அதன் முன்னே நாற்பத்தொரு பிட்டுகளிற் காலம் நிற்கிறது. அதனால் எண்களை நிரல்படுத்தினால் அவை பிறந்த முறையும் ஏறக்குறையப் புலப்படும்.

தகர வில்லையிற் காலமில்லை. இக்குறை சிறிதெனத் தோன்றும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1947 இல் பதுளைத் தொகுதியில் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய வாக்காளரும் இதற்கு விலக்கல்லர். 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழிவிட்டது. ஆனால் 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டுமென்றது. இன்ன தோட்டத்தாளென்று வில்லை கூறும். என்று முதல் என்பதைக் கூறாது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பங்களில் அடங்கினர். ஏறத்தாழ 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர். ஆளைத் தோட்டத்தோடு பிணைத்தற்குச் செய்த எண் ஆளுக்குப் பயன்படாதது வியப்பன்று என்பதே எம் கருத்து.

1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் வழங்கப்பட்ட அடையாள அட்டையின் எண்ணிலே காலம் முன்னிடம் பெற்றது. முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாவது நாளென்பது. பின்னர்த் தொடரெண்ணும் சரிபார்க்கும் இலக்கமும். ஈற்றில் வாக்குரிமையுடையார்க்கு 'வி', இல்லார்க்கு 'எக்ஸ்'. பெண்களின் நாளெண்ணோடு ஐந்நூறு கூட்டப்படும். ஆகவே எண்வரிசையில் நிறுத்தின், சனவரி முதலாந் தேதி பிறந்தவள் அவ்வாண்டு திசெம்பர் இறுதியிற் பிறந்தவனுக்கும் பின்னே நிற்பாள். தோட்டத்திற் கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலார் பெண்களாயிருக்க, ஏட்டில் அவர் பின்வரிசையினராயினர்! இன்னொரு வழுவும் உண்டு. 2000 இற் பிறந்தோர்க்குரிய '00' நிரலில் '48' இற்கு முன்னே வந்துவிடும்.

இக்காலக் கணினித் தரவுத்தளங்கள் பிறந்தநாளை விடுத்து எண் ஆக்கப்பட்ட கணத்தைக் கொள்கின்றன. 2024 இல் இணையப் பொறியியற் பணிக்குழு வரையறுத்த 'யூ.யூ.ஐ.டி.' ஏழாம் வகையில் 128 பிட்டுகளுள் முதல் 48 பிட்டுகள் ஆயிரத்திலொரு பங்கு வினாடி வரை காலத்தைக் குறிக்கும். எஞ்சியவற்றிற் பெரும்பகுதி தற்செயலாயமைவது. தோட்டவெண் போன்ற இடக்குறியே அதற்கு வேண்டா. புதிய பதிவுகள் ஏட்டின் இறுதியிலேயே சேருமாதலின் தேடுதலும் எளிதாகும்.

இலங்கையும் 2016 சனவரி முதல் எண்ணைப் பன்னிரண்டு இலக்கமாக்கி, ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுகிறது. ஐந்நூறு கூட்டும் வழக்கம் மாறவில்லை. 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்றோராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை கிடைத்திருந்தது. பழைய எண்ணைப் புதிதாக்குவோர் முன்னே '19' ஐயும் தொடரெண்ணின் முன் ஒரு சுழியையுஞ் சேர்ப்பர், ஈற்றெழுத்தை விட்டுவிடுவர்.